‘முக்குங்க’ என்று சொல்லிப் பிழைத்தவள்

ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் பாடத்தில் சந்தேகம் கேட்பார்கள். ஓய்வு பெற்ற போலீஸ்காரரிடம் திருடர்களைப் பற்றிக் கேட்பார்கள். போன வாரம் என்னிடம் ஒரு பெண் தொலைபேசியில் கேட்ட சந்தேகம் இது: “அக்கா, நீங்க எப்பிடிக்கா அவங்கள முக்க வைப்பீங்க?”

விருதுநகர் சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் வேலை இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். காய்கறிக்காரர் தராசை வைத்துவிட்டு, மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேட்டவள் நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில் என் இடத்துக்கு வந்திருக்கும் டெக்னீஷியன். புது மெஷின் வந்திருக்கிறதாம். அது தானாகவே பேசுமாம். “மூச்சை உள்ளிழுக்கவும். கீழ்நோக்கி அழுத்தம் கொடுக்கவும்” என்று செய்தி வாசிக்கிற குரலில் சொல்லுமாம். யாரும் கொடுப்பதில்லையாம். எப்படிக் கொடுப்பார்கள்? செய்தி கேட்டு முக்கினவர்களை நான் பார்த்ததில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்குக் கர்ப்பப்பை இறங்கும். கூடவே மூத்திரப்பையும், பின்பக்கம் மலக்குடலும் சரியலாம். பிரசவம், பாரம் தூக்குவது, தீராத இருமல், வயசு என்று காரணங்கள் பல. எது இறங்குகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்தால்தான் ஆபரேஷன் செய்கிறவர் எதைத் தூக்கிக் கட்டுவது என்று முடிவு செய்ய முடியும். சும்மா படுத்திருந்தால் எல்லாம் நல்ல பிள்ளையாகத் தன் இடத்தில் இருக்கும். ஆகவே எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்க வைத்து, பின்வழியாக ஜெல் ஏற்றி, அடக்கச் சொல்லி, முக்கச் சொல்லி, கடைசியில் அந்த ஜெல்லை அங்கேயே வெளியே விடச் சொல்லி, நடப்பதையெல்லாம் சினிமாவாகப் பிடிப்போம். டைனமிக் எம்.ஆர்.ஐ. என்று பெயர். சினிமாவுக்குக் குரல் கொடுத்தது நான். கல்யாண வீடுகளில் “என்ன வேலை பாக்கீக?” என்று கேட்டால் “ஆஸ்பத்திரி” என்று சொல்லிவிட்டு அப்பளத்தில் கவனம் செலுத்துவேன்.

படித்தது மதுரையில். எக்ஸ்ரே இருட்டறையில் ஆரம்பித்து, சி.டி.க்குப் போய், எம்.ஆர்.ஐ.யில் முடிந்தது என் பயணம். சிவகாசிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சில வருஷம் இருந்தபோது பார்த்தவை பற்றி எழுத மாட்டேன். அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு எழுதிப் புரிய வைக்க முடியாது. விருதுநகருக்கு வந்த பிறகுதான், உயிரோடு நடந்து வருகிறவர்களைப் படம் எடுக்கிற பாக்கியம் கிடைத்தது.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் கனகவல்லி. தஞ்சாவூர்ப் பக்கம். படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர். செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் அறைக்குள் வருவார். காபியை ஆற வைத்துத்தான் குடிப்பார். ஒவ்வொரு படத்தையும் மூன்று தடவை ஓட்டச் சொல்வார். முதல் தடவை நின்றுகொண்டு, ஒன்றும் பேசாமல். இரண்டாம் தடவை உட்கார்ந்து, தொண்டைக்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு. மூன்றாம் தடவைதான் மவுஸைத் தொடுவார். முன்பக்க எலும்பிலிருந்து வால் எலும்பு வரை ஒரு கோடு இழுப்பார். அதற்கு ‘நிலைப்படி’ என்று பெயர் வைத்திருந்தார். நிலைப்படிக்குக் கீழே எது தலையை நீட்டுகிறது என்பதுதான் கேள்வி. ஒன்றும் நீட்டவில்லை என்றால் நான் அவசரமாக அடுத்த ஆளைக் கூப்பிடக் கிளம்புவேன். “ஒண்ணுமில்லன்னு எழுதறதுக்குத்தான் ரொம்ப நேரம் பாக்கணும் வசந்தா” என்று என்னை உட்கார வைத்துவிடுவார்.

வேலையை விட்டு வந்த பிறகு எனக்கு எதன் மேல் ஏக்கம் என்று யோசித்தால், அந்தக் கண்ணாடி மேல்தான். நாங்கள் இருக்கும் அறைக்கும் மெஷின் இருக்கும் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் உள்ளே படுத்திருப்பவரின் பாதம் மட்டும் தெரியும். என் உத்தியோகத்தில் பாதிப் பேரை நான் பாதத்தால் அறிவேன். பட்டாசு மருந்தின் வெள்ளி நிறம் வெடிப்பில் ஏறி, தேய்த்தாலும் போகாத குதிகால்கள். அச்சாபீஸ் மை படிந்த நகங்கள். கட்டைவிரல் மட்டும் மருதாணி வைத்த, வைத்ததற்கே வெட்கப்படுகிற பாதங்கள். ‘முக்குங்க’ என்றதும் நான் கம்ப்யூட்டரைப் பார்க்க மாட்டேன், விரல்களைப் பார்ப்பேன். விரல் மடங்கினால் அடக்குகிறார்கள். விரல் விரிந்தால் விட்டுவிட்டார்கள்.

நம் பக்கத்துப் பெண்களிடம் ஒரு சங்கடம் உண்டு. பட்டாசு கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வேனில் ஏறினால் சாயங்காலம் வரை ஒதுங்க இடம் பார்த்து, நேரம் பார்த்து, கூட்டு சேர்த்துத்தான் போக முடியும். அடக்கியே பழகியவர்கள். ‘அடக்குங்க’ என்றால் முதல் வகுப்பில் தேறுவார்கள். ‘முக்குங்க’ என்றால் பெயில். அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஜெல்லை வெந்நீர்ப் பாத்திரத்தில் சூடு காட்டுகிற நேரத்திலும், தாலிச் சரட்டில் கோத்திருக்கிற ஊக்குகளைக் கழற்றுகிற நேரத்திலும் ஊர்க்கதை பேசுவேன். காந்தம் ஊக்கை இழுக்கும் என்பதால் அதைக் கழற்றியாக வேண்டும். எந்த ஊர், எத்தனை பிள்ளை, எந்த கம்பெனி, சீசன் எப்படி என்று பேசப் பேச உடம்பு தளரும். பிறகு மைக்கில் ஒருமையில் இறங்கிவிடுவேன். “முக்கு தாயி, முக்கு, பிள்ள பெத்தவதான நீ” என்று பிரசவ அறை ஆயா மாதிரி அதட்டினால், வெட்கம் போய்ச் சிரிப்பு வந்து, சிரிப்போடு எல்லாம் வந்துவிடும். என் வழி தோற்றதில்லை என்று சென்டர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அப்போதுதான் மாரித்தாய் வந்தார்.

தாயில்பட்டியைச் சேர்ந்தவர். நாற்பது தாண்டியிருக்கும். பட்டாசு கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெடிகளைத் திரியில் கோத்துக்கொண்டே போக வேண்டும். நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை. அவருடைய கஷ்டத்தை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“மத்தியானச் சோத்துக்கு எந்திரிச்சேன்னா பெறகு உக்கார முடியலக்கா. எலுமிச்சம்பழம் கணக்கா ஒண்ணு மேல உக்காந்த மாதிரி இருக்கு. ராத்திரி படுத்து எந்திரிச்சா அது உள்ள போயிருது. டாக்டர் பாக்கையில ஒளிஞ்சிக்கிருது.”

மதுரையில் ஆபரேஷன் செய்கிற டாக்டர் காலை நேரத்தில் பார்த்துவிட்டு, லேசான இறக்கம்தான், ஸ்கேனில் நிஜமாகவே இறங்குவது தெரிந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் இடுப்புத் தசைக்குப் பயிற்சி போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பயிற்சியை மாரித்தாய் ஏற்கெனவே மாதக்கணக்கில் செய்துவிட்டார். கம்பெனியில் மற்ற பெண்கள் இவர் அடிக்கடி எழுந்து நிற்பதைப் பார்த்து ஜாடை பேச ஆரம்பித்திருந்தார்கள். மேஸ்திரி இரண்டு தடவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். புருஷன் நல்ல மனுஷன்தான். வெளியே பையோடு உட்கார்ந்திருந்தார். ஆனால் அவரும், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் மனசைத் தேற்றிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தாராம்.

“இதுலயும் தெரியலன்னா நான் பொய்க்காரி ஆயிருவேன்க்கா” என்றார் மாரித்தாய்.

அதெல்லாம் தெரிந்துவிடும், நான் இருக்கிறேன் என்று வீராப்பாகச் சொன்னேன். ஊக்குகளைக் கழற்றினேன். ஜெல் ஏற்றினேன். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, வயிற்றின் மேல் பெல்ட் கட்டும்போது, வழக்கம்போலக் கதை அளந்தேன். இடையில் அவர் திருப்பிக் கேட்டார், எனக்கு எந்த ஊர் என்று. ஆமத்தூர் என்றேன்.

“ஆமத்தூர்ல யாரு வீடு?”

இந்த ஜில்லாவில் இந்தக் கேள்விக்கு ‘சும்மா, ஆமத்தூர்தான்’ என்று மழுப்புகிறவர்கள் உண்டு. நான் வாய் ஓயாதவள். பருத்திக் குடோன் பக்கத்தில் கிணற்று வீடு என்று விலாவாரியாகச் சொன்னேன். தாத்தா பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

மாரித்தாய் உள்ளே ஜெல்லோடு எழுந்து உட்காரப் பார்த்தார்.

“படுங்க, படுங்க. எல்லாம் வெளிய வந்துரும்” என்று தோளைப் பிடித்தேன். வெளியே வருவதற்காகத்தான் ஏற்றியிருக்கிறோம், ஆனால் இப்போது இல்லை. அவர் படுத்தார். அவருடைய அம்மா பிறந்தது ஆமத்தூர் என்றும், எங்கள் வீட்டுப் புஞ்சைக் காட்டில்தான் பருத்தி எடுத்தார் என்றும் கூரையைப் பார்த்துச் சொன்னார். அதுவரை அக்கா, அக்கா என்றிருந்தவர், “சொல்லுங்கம்மா, என்ன செய்யணும்” என்றார். நான் சந்தோஷமாக, அட, நம்ம ஊர்தானா என்றேன். எவ்வளவு புத்திசாலி நான்.

மெஷினுக்குள் அனுப்பினோம். ‘அடக்குங்க’ என்றேன். அற்புதமாக அடக்கினார். ‘முக்குங்க’ என்றேன். பாதத்தின் விரல்கள் பத்தும் மடங்கின. படத்தில் இடுப்பின் அடித்தளம் கீழே வருவதற்குப் பதிலாக மேலே ஏறியது. மறுபடி சொன்னேன். மறுபடி ஏறியது. டாக்டரம்மா நின்றுகொண்டு பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், பாட்டு முனகவில்லை. “கீழ போன்னா மேல போறதே” என்றார்.

நான் உள்ளே போய் மேஜையை வெளியே இழுத்து, மாரித்தாயிடம் விளக்கினேன். வரப்போவது வெறும் ஜெல், கீழே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருக்கிறோம், நாற்றம்கூட இருக்காது, நொடியில் துடைத்துவிடுவேன்.

“நீங்களா?”

“நான்தான். எல்லாருக்கும் நான்தான தொடைக்கேன்.”

ஆறுதலாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் உடம்பு பூட்டிய பெட்டி மாதிரி ஆகிவிட்டது. எத்தனை தடவை சொன்னாலும் படம் அசையவில்லை. இதை அப்படியே ரிப்போர்ட்டாக எழுதினால், குறிப்பிடும்படி இறக்கம் இல்லை என்றுதான் எழுத முடியும். மதுரையில் அதைப் படித்துவிட்டுப் பயிற்சிக்குச் சீட்டு எழுதுவார்கள். வெளியே அடுத்த ஆள் தயாராக இருந்தார். நான் டாக்டரம்மா முகத்தைப் பார்த்தேன்.

அவர் எழுந்து, வெறுங்காலோடு உள்ளே போனார். நோயாளிகள் மேஜையில் ஏறுவதற்காகப் போட்டிருக்கும் படியில் உட்கார்ந்துகொண்டார். நான் வாசலில் நின்றேன். முக்குவதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

“யார் தொடச்சா உங்களுக்குப் பரவாயில்ல?” என்று மட்டும் கேட்டார்.

 மாரித்தாய் தலையைத் திருப்பாமல் சொன்னார்.

“இந்தம்மா வீட்டு வாசல்ல எங்காத்தா செருப்பக் கழட்டிக் கையில தூக்கிக்கிட்டுத்தான் போகும். நானும் சின்னப்பிள்ளையில கூடப் போயிருக்கேன். அவுக வந்து என் கழிவ அள்ளுனா எனக்கு உறக்கம் வராது, டாக்டரம்மா. கோவிச்சுக்கிறாதீக. நானே தொடச்சுக்கிறேன்னா விடுவீகளா?”

எனக்கு அந்த வாசல் நினைவிருக்கிறது. வெளியூரில் படித்த காலத்தில், விடுதியில் அழுகை வரும்போதெல்லாம் அந்த வாசலைத்தான் நினைத்துக்கொள்வேன். காய வைத்த மிளகாயின் நெடி, பருத்திப் பொதி, கிணற்றடி ஈரம். அந்த ஏக்கத்தில் ஆட்களே கிடையாது. அன்று முதல் அதன் குறுக்கே ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார், பின்னால் ஒரு சின்னப்பிள்ளையும். இப்போது அந்த வாசலை நினைத்தால் அவர்களையும் சேர்த்துத்தான் நினைக்க முடிகிறது.

நோயாளி மேஜையைத் துடைக்கக் கூடாது என்பது சென்டரின் விதி. சுத்தம் சம்பந்தப்பட்டது, நியாயமான விதியும்கூட. அந்த விதியைப் போட்டுக் கையெழுத்திட்டவர்களில் டாக்டரம்மாவும் ஒருவர்.

“வாளி கொண்டாங்கோ வசந்தா. கையுறையும் மருந்துத் தண்ணியும்” என்றார்.

எங்களிடம் இருந்த வாளிக்கு இரும்புக் கைப்பிடி. அதை உள்ளே கொண்டுபோனால் காந்தம் வாளியையும் என்னையும் சேர்த்து இழுத்து மெஷினில் ஒட்ட வைத்துவிடும். கைப்பிடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தண்ணீர் வாளியைப் பச்சைப் பிள்ளை மாதிரி கட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். சேலை முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. மாரித்தாய் கழுத்தைத் தூக்கி வாளியைப் பார்த்தார். அது அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கப்படுவதையும் பார்த்தார். தலையைச் சாய்த்துக்கொண்டார்.

மறுபடி கண்ணாடிக்கு இந்தப் பக்கம். இந்த முறை டாக்டரம்மாவே மைக்கை எடுத்து, “கீழ் நோக்கி நன்னா அழுத்தம் கொடுங்கோ” என்றார். மாரித்தாய்க்குப் புரியவில்லை. மைக் என் கைக்கு வந்தது. வழக்கமான ‘முக்கு தாயி’ தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கினேன். எங்கள் வீட்டு வாசலிலிருந்து அவர் அம்மாவை ஒருமையில் கூப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. சின்ன வயதில் நானும் கூப்பிட்டிருப்பேன்.

“முக்குங்கம்மா” என்றேன். “பொறுமையா முக்குங்க. அவசரமில்ல.”

மெஷின் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. விரல்கள் மடங்கியே இருந்தன. பிறகு இடது பாதத்தின் சுண்டுவிரல் பிரிந்தது. அடுத்தது. பத்தும் விசிறி மாதிரி விரிந்தன. டாக்டரம்மா என் தோளைப் பிடித்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தேன். வெள்ளையாய்த் தெரிகிற மூத்திரப்பை முதலில் வழிந்து இறங்கியது. அதன் பின்னால், ஆள் தயங்கிப் படி இறங்குவது மாதிரி, கர்ப்பப்பை. பின்பக்கம் குடல் பை போலப் பிதுங்கி, ஜெல் வெளியேறியது. நிலைப்படி எங்கேயோ மேலே நின்றது. இவ்வளவையும் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பெண் உட்கார்ந்து சரம் பின்னியிருக்கிறார்.

அடுத்து நடந்ததை எழுதுவது கொஞ்சம் கஷ்டம். மாரித்தாய் இறங்கி, கையுறை போட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துடைக்க ஆரம்பித்தார். நான் சும்மா நின்றேன். அவர் கேட்டதைத்தான் கொடுத்திருந்தோம். ஆனால் வெளியிலிருந்து யாராவது பார்த்தால் என்ன தெரியும்? அந்த வீட்டுப் பெண் நிற்கிறாள், இந்த வீட்டுப் பெண் குனிந்து துடைக்கிறாள். நான் இன்னொரு துணியை எடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“நீங்க தண்ணி ஊத்துங்க, போதும்” என்றார்.

ஊற்றினேன். அதிகமாக ஊற்றிவிட்டேன் என்று திட்டு வாங்கினேன். பிறகு மெஷினை நான் முறைப்படி மறுபடியும் சுத்தம் செய்ததை அவரிடம் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் டாக்டரம்மா அவரை எங்கள் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் நின்றுகொண்டார். டாக்டரம்மா படத்தை ஓட்டி, இது மூத்திரப்பை, இது கர்ப்பப்பை என்று விரலால் காட்டினார். மாரித்தாய் இமைக்காமல் பார்த்தார். சாம்பல் நிறத்தில் எல்லாம் சரிந்து விழுந்து முடிந்தது.

“இன்னொருவாட்டி போடுங்க.”

போட்டேன். புருஷனைக் கூப்பிடட்டுமா என்று மாரித்தாய் கேட்டார். வந்து நின்ற அந்த மனுஷன் படத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். அதுவரை யாரும் சொல்லாததால், டாக்டரம்மா சொன்னார்: “இவங்க சொன்னதெல்லாம் சரி.”

மதுரையில் ஆபரேஷன் ஆனதாக மட்டும் தகவல் வந்தது. எங்கள் தொழிலில் அதற்கு மேல் தெரியாது. ஆட்களை அவர்களுடைய மோசமான நாளில், மோசமான கோலத்தில் பார்ப்போம். சரியாகிவிட்டால் திரும்பி வர மாட்டார்கள். வராமல் இருப்பதுதான் நல்ல செய்தி. அந்த நல்ல செய்திகளின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க முடியாதது ஒரு பசி மாதிரி. பஸ்ஸில், ரேஷன் கடையில், கோயில் வரிசையில் நான் பெண்களின் பாதங்களைப் பார்த்துக்கொண்டே போகிறேன். ஒரு தடவை ஒரு அம்மாள் செருப்பை நான் திருடப் பார்ப்பதாக நினைத்துவிட்டார். டாக்டரம்மாவும் மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். பொங்கலுக்குப் போன் செய்வார். இருவரும் கொஞ்சநேரம் பேசிவிட்டு, ஓட்டிப் பார்க்கப் படம் எதுவும் இல்லாமல் சும்மா இருப்போம்.

ஓய்வு பெற்ற அடுத்த மாதம் ஆமத்தூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு, சிவகாசிக்குப் போக பஸ் ஏறினேன். கூட்டம். கையில் தம்பி மனைவி அடைத்துக் கொடுத்த பை, கனம். உள்ளே நெருக்கிக்கொண்டு போனால், மூன்றாவது வரிசையில் மாரித்தாய். சதை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் உடம்பு எழுந்திருக்கப் பார்த்தது. கை முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துவிட்டது, இடுப்பு சீட்டை விட்டுக் கிளம்பிவிட்டது. வெளியே எங்கள் ஊர் போர்டு.

பாதி எழுந்தபடியே ஒரு கணம் நின்றார். பிறகு கம்பியை விட்டுவிட்டுச் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“நல்லாருக்கீகளா?” என்று நான்தான் கேட்டேன்.

“விருதுநகர்ல இருந்து உக்காந்துதான் வாரேன்” என்றார். கையை நீட்டினார். “பைய இங்கன குடுங்க.”

கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருத்தங்கலில் பக்கத்து சீட்டு காலியாகி, வேறொருத்தி உட்கார்ந்தாள். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அந்த ரோட்டில் எப்போதும் உருட்டிக்கொண்டே போகிற பஸ், அன்றைக்குப் பார்த்து சிவகாசிக்குச் சீக்கிரம் வந்துவிட்டது.